தொப்பூர் இறக்கத்துக்கு எந்தப் பழைய வண்டி?

பழைய பிக்கப் வாங்கப் போகிறவருக்குத் துணையாக வரும் நாலு பேரும் கேட்கிற முதல் கேள்வி, "இழுவை எப்படிங்க?" என்பதுதான். விற்கிறவரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார்: "போன வாரம்கூட ரெண்டு டன் ஏத்திட்டுப் போனேங்க, மூணாவது கியர்லயே ஏறுச்சு." கேட்டவர்கள் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். ஒண்ணேகால் டன் வண்டியில் ரெண்டு டன் ஏற்றியது வண்டியின் பெருமையா, அதற்கு நடந்த கொடுமையா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

நல்லம்பள்ளியில் இந்தக் கேள்வியை முதலில் வைப்பதே தவறு என்பது என் கட்சி. காரணம் ஊரின் இருப்பிடம். தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஊர் இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் தொப்பூர் கணவாய். அங்கே சாலை சேலத்தை நோக்கிச் சரிகிறது. நம் சரக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மரவள்ளிக் கிழங்கு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. பாலக்கோட்டில் விலை படுத்துவிட்டால் தக்காளியும் சேலம் மார்க்கெட்டுக்குப் போகிறது. திரும்பும்போது வண்டி காலி, மிஞ்சினால் நாலு மூட்டை தீவனம். பாரத்தோடு இறங்கி, காலியாக ஏறுகிற ஊர் இது. ஏறும்போது இழுவை போதாவிட்டால் இரண்டாவது கியரில் ஊர்ந்து வீடு வந்து சேரலாம். இறங்கும்போது பிரேக் போதாவிட்டால் அடுத்த கியர் என்று ஒன்று கிடையாது.

தொப்பூர் விபத்துகளை வரிசையாக எழுதத் தேவையில்லை. 2020 டிசம்பரில் ஒரு சிமென்ட் லாரி முன்னால் நின்ற வண்டிகளை வாரிச் சுருட்டியதும், 2024 ஜனவரியில் பாலத்தருகே லாரிகளுக்கு நடுவே சிக்கி உயிர்கள் போனதும் தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தவை. அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. அது லாரிக்காரர்களின் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். குட்டி யானை ஓட்டுகிறவரும் அதையேதான் செய்கிறார்.

இனி, எந்த ஆளுக்கான வண்டி என்பதைச் சொல்லிவிட வேண்டும். லாரி ஆபீசில் பதிவு செய்து தினம் வாடகைக்கு ஓட்டுகிறவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று நான்கு ஏக்கர், அதில் பாதி தக்காளி, பாதி மரவள்ளி, கொஞ்சம் சம்பங்கி, பட்டியில் பத்துப் பதினைந்து ஆடு வைத்திருக்கிற வீடு. சொந்தச் சரக்குக்கு ஒரு வண்டி, நேரம் கிடைத்தால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒரு நடை. கையில் புது வண்டிக்கான பணம் இல்லை, அல்லது இருந்தும் அதை இரும்பில் போட மனசில்லை. இந்த வீட்டுக்குத்தான் தீர்ப்பு.

களத்தில் மூன்று பேர். டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலிரோ பிக்கப். மாருதி சூப்பர் கேரியின் டீசல் வண்டி 2016-இல் வந்து, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு நின்றுபோனது. பெட்ரோல் வண்டி நகரத்துக்குள் பால் பாக்கெட் போடத் தோதானது. இசுசு பிக்கப்பைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆசைப்படலாம், கிழங்கு ஏற்ற அது வேண்டாம். டிராக்டரும் டிப்பரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் காட்டிலிருந்து ரோடு வரைக்கும் அதுவே போதும். ஆனால் விடியற்காலை இருட்டில், பின்விளக்கு எரியாத டிப்பரோடு நாற்கர சாலையில் ஏறுவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஏஸிலிருந்து தொடங்குவோம். 2005-இல் வந்தபோது மூன்று சக்கர ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை அது அப்படியே பிடித்துக்கொண்டது. 700 சி.சி.க்குச் சற்று மேல், இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். நம் ஊர் அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தது. பழைய ஏஸின் பலம் அதன் எளிமை. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, எந்த ஊர் மெக்கானிக்கும் மரத்தடியிலேயே பிரித்துப் பூட்டிவிடுவார். சந்து பொந்தெல்லாம் நுழையும், விலையும் மற்ற இரண்டையும்விடக் குறைவு.

ஆனால் கணக்கு என்று வந்தால் ஏஸ் தடுமாறுகிறது. தக்காளி கிரேடு ஒன்றில் 25 கிலோ பிடிக்கிறது. காலிக் கிரேடின் எடை ஒன்றரைக் கிலோ என்று வைத்தால், 28 கிரேடிலேயே ஏஸின் 750 கிலோ முடிந்துவிடுகிறது. நன்றாக வந்த ஒட்டுரகத் தக்காளியில் உச்சப் பறிப்பன்று ஒரு ஏக்கரே ஒரு டன்னைத் தாண்டும். அன்றைக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 28 கிரேடுக்கான வண்டியில் 45 அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டுவோம். இரண்டு நடை போகலாம்தான். ஆனால் இரண்டாம் நடை மார்க்கெட்டைச் சேரும்போது ஏலம் முடிந்திருக்கும். ஏஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் விளைச்சலுக்கு அந்த வண்டியின் அளவு, தப்புச் செய்யத் தூண்டுகிற அளவு. ஆகவே சந்தைக்கு வருகிற பழைய ஏஸில் பெரும்பாலானவை வயதுக்கு மீறிப் பாரம் சுமந்தவை. பூவும் காய்கறியும் மட்டும் தர்மபுரி வரை கொண்டுபோகிறவருக்கு நல்ல ஏஸ் கிடைத்தால் அதுவே சிக்கனம். மரவள்ளிக்காரருக்கு ஆகாது.

பொலிரோ பிக்கப்பைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். 2,523 சி.சி., நான்கு சிலிண்டர், ஒண்ணேகால் டன்னிலிருந்து 1.7 டன் வரை பல வகை. பிக்கப் விற்பனையில் நெடுங்காலமாக முன்னணி என்பதால் உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். முன்னால் பானெட் நீட்டிக்கொண்டிருக்கிறது. முட்டினால் முதலில் நசுங்குவது இன்ஜின், ஓட்டுகிறவரின் முழங்கால் அல்ல. ஏஸுக்கு இந்தக் காப்பு கிடையாது. தோஸ்த்துக்கும் மூக்கு குட்டைதான். தொப்பூரை மனதில் வைத்துப் பேசுகிற நான் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. பாதுகாப்பு ஒன்றை மட்டும் தராசில் வைத்தால் பொலிரோ ஜெயிக்கும்.

பொலிரோவின் குறை அதன் நல்ல பெயரிலேயே இருக்கிறது. பழைய சந்தையில் விலை இறங்குவதில்லை. மற்ற வண்டி எட்டு வயதில் என்ன விலைக்குக் கிடைக்குமோ, அந்த விலைக்குப் பொலிரோ பன்னிரண்டு வயதில்தான் கிடைக்கும். இன்னொன்று, பன்னிரண்டு வயதுப் பொலிரோ பெரும்பாலும் வாடகை வண்டியாகத்தான் இருந்திருக்கும். பெங்களூருக்கு ராத்திரி லோடு, பகலில் உள்ளூர் லோடு என்று இரண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டிய வண்டி. மீட்டர் காட்டுகிற கிலோமீட்டரை அதில் நம்புகிறவர் நல்ல மனிதர், அவ்வளவுதான் சொல்ல முடியும். 1.7 டன் வகையில் சட்டச் சங்கதி ஒன்றும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் பெர்மிட் விலக்கு இருக்கிறது. 1.7 டன் வண்டியின் சொந்த எடையையும் பாரத்தையும் கூட்டினால் அந்த வரம்பு தாண்டிவிடும், பெர்மிட் எடுக்க வேண்டும். ஏஸுக்கும் ஒண்ணேகால் டன் தோஸ்த்துக்கும் அந்த வேலை இல்லை.

தோஸ்த் நமக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. லேலண்டும் நிசானும் கூட்டுச் சேர்ந்து 2011-இல் ஓசூரிலிருந்து வெளியே விட்ட வண்டி. பிறகு நிசான் விலகி, கூட்டு 2016-இல் முழுக்க லேலண்ட் கைக்கு வந்தது. ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர், காமன் ரெயில் டீசல், 55 குதிரைத்திறன், ஒண்ணேகால் டன். கிரேடுக் கணக்கில் 47. இந்த எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு ஏக்கர் தக்காளியின் ஒரு நாள் பறிப்பு, சட்டப்படியான பாரத்துக்குள், ஒரே நடையில் முடிகிறது. பேராசைப்படாமலே வேலை நடக்கிற அளவு.

இதில் குறை இல்லாமல் இல்லை. காமன் ரெயில் என்பதால் டீசல் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். கேனில் வாங்கி வைத்த டீசல், மாற்றாத ஃபில்டர், இரண்டும் சேர்ந்தால் இன்ஜெக்டர் போகும். அந்தச் செலவு ஏஸின் நாசில் செலவு மாதிரி இல்லை, கண்ணைக் கட்டும். சென்சார் கோளாறு என்றால் மரத்தடி மெக்கானிக் கையை விரித்துவிடுவார், ஸ்கேனர் வைத்திருக்கிற ஆளிடம்தான் போக வேண்டும். அடிமட்ட வகையில் பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. கொல்லைக்குள் பாரத்தோடு வண்டியைத் திருப்புகிறவர் அது இருக்கிற வகையாகத் தேடிப் பிடிப்பது நல்லது.

இப்போது நான் முதலில் எடுத்துப் போட்ட பிரேக்குக்கு வருகிறேன். லாரிகளில் ஏர் பிரேக். இந்தச் சின்ன வண்டிகளில் பிரேக் ஆயில். அதை அழுத்தும் காலுக்குத் துணையாக, இன்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தில் வேலை செய்கிற பூஸ்டர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடித்து நிறுத்துகிற வேலை போய்விடுகிறது. முழுப் பாரமும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் விழுந்து அவை சூடேறுகின்றன. சூடேறிய லைனிங் வழுக்கும். சாவியையே அணைத்துவிடுகிற புத்திசாலிகளும் உண்டு. அவர்களுக்கு இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பெரிய இன்ஜின் கியரில் இருக்கும்போது தன்னாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும், சின்ன இன்ஜினுக்கு அந்தத் திராணி குறைவு. இறக்கத்திலும் ஏஸ் பின்தங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் எந்தக் கம்பெனி வண்டி என்பதைவிட, பழைய வண்டியின் பிரேக்கைக் கெடுக்கிற விஷயம் வேறு. அது பாரம் தாங்கும் பட்டைக்கட்டில் (லீஃப் ஸ்பிரிங்) இருக்கிறது. லோடு தாங்கவில்லை என்று பின்பக்கப் பட்டையில் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சேர்ப்பது நம் பக்கம் சாதாரணம். விற்கிறவர் அதைச் சிறப்பாகவே சொல்வார்: "எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்குங்க, எவ்வளவு ஏத்துனாலும் உக்காராது." பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோடு வால்வு ஒன்று இருக்கும். பாரம் ஏறி வண்டி எவ்வளவு அமர்கிறது என்பதைப் பார்த்துத்தான் அது பின்சக்கரப் பிரேக்குக்கு எவ்வளவு ஆயில் அழுத்தம் விடலாம் என்று தீர்மானிக்கும். காலியாக இருந்தால் குறைத்து விடும், இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். கூடுதல் பட்டை போட்ட வண்டி பாரம் ஏறினாலும் அமராது. வால்வோ வண்டி காலி என்றே நினைத்து, ஒன்றரை டன் சுமந்துகொண்டு இறங்கும்போது பின்பிரேக்கைக் குறைத்து விடும். எவ்வளவு ஏற்றினாலும் உட்காராது என்று அவர் பெருமையாகச் சொன்னதன் மறுபக்கம் இதுதான்.

அதனால் வண்டி பார்க்கப் போனால் முதலில் குனியுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பட்டைகளை எண்ணுங்கள். ஒன்று மட்டும் நிறம் வேறாக, துரு குறைவாக இருந்தால் அது பிற்பாடு சேர்த்தது. யு-போல்ட்டின் மரை புதிதாக மின்னினால் கட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வால்வின் கம்பி கழற்றியோ, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியோ இருந்தால் அங்கேயே எழுந்துவிடலாம், இன்ஜின் சத்தம் எப்படி இருந்தாலும் சரி.

அடுத்து சேசிஸும் பாடியும். கனடாவில், அமெரிக்காவின் வடக்கே வீட்டு வாசலில் குவியும் பனியைத் தள்ள ஒரு பழைய பிக்கப்பை வாங்கி முன்னால் தகடு மாட்டிக்கொள்வார்கள். டொராண்டோ பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கும் இது பழகிய காட்சி. ஆண்டில் சில நாட்களே வேலை, ஆனால் அந்த நாட்களில் கட்டாயம் கிளம்பியாக வேண்டும். அந்த வண்டியில் அவர்கள் முதலில் தேடுவது துரு. உறைந்த சாலையில் கொட்டும் உப்பு சேசிஸைத் தின்றுவிடும் என்பதால், இன்ஜின் நன்றாக ஓடினாலும் அடிப்பக்கம் உளுத்த வண்டியைத் தொடமாட்டார்கள். நம் ஊரில் பனி இல்லை, உப்புக்கு வேறு பெயர்கள். ஒன்று யூரியா. இன்னொன்று ஆட்டு மூத்திரம். நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தைக்கு ஆடு ஏற்றியே ஓடிய வண்டி என்றால் பாடித் தகட்டுக்கும் அடியில் போகும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே அது ஊறி ஊறிக் கிடந்திருக்கும். மேலே புதுத் தகடு அடித்து, பெயின்ட்டும் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் படுத்து, பாடி போல்ட் இறங்கும் இடங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். இரும்பு 'டங்' என்றால் சரி. 'தப்' என்று சத்தம் வந்து செதில் உதிர்ந்தால் பாடி மட்டுமல்ல, சட்டமும் போயிருக்கிறது. சட்டத்தில் வெல்டிங் ஒட்டு இருக்கிற வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. ஒட்டுப் போட்ட மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

இன்ஜின் பரிசோதனையை எல்லோரும் செய்வதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் சொல்லாமல் போங்கள், கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. நீலப் புகை ஆயில் எரிவது. ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமினால் கிளட்ச் முடிந்தது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் அதற்கு ஆகிற செலவை விலையில் கழியுங்கள்.

எந்த வருட மாடல்? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நாடு முழுக்க பி.எஸ்.4 விதி 2017 ஏப்ரல் 1-இல் வந்தது, பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1-இல். நடுவே மூன்று ஆண்டு. பி.எஸ்.6 டீசலில் புகையைச் சுத்தம் செய்யும் அமைப்புகள் கூடிவிட்டன. டி.பி.எஃப் என்கிற கரிவடிகட்டி உள்ள வண்டியில், சேரும் கரியை எரித்துத் தள்ள அவ்வப்போது நீண்ட தூரம் ஒரே சீராக ஓட்ட வேண்டும். காட்டிலிருந்து தர்மபுரி வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் சீசனில் மட்டும் ஓடுகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். தினம் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு பி.எஸ்.6 நல்ல வண்டி, நம் வீட்டுக்கு அது தலைவலி. 2017-க்கு முந்தைய வண்டிகளோ வயதாகிவிட்டன. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அதற்கு மேல் ஆண்டுதோறும். 15 வயது தாண்டினால் 2022 ஏப்ரலிலிருந்து எஃப்.சி. கட்டணம் பல மடங்கு. ஆகவே 2018, 2019 மாடல். எட்டு வயதை நெருங்குகிற வண்டியை உரிமையாளர்கள் வருடாந்தர எஃப்.சி.க்குப் பயந்தே தள்ளிவிடப் பார்ப்பார்கள். பேரம் அங்கே நமக்குச் சாதகம்.

காகிதம். கன்சல்டிங்கில் வாங்கினாலும் புரோக்கர் மூலம் வாங்கினாலும், 29, 30 ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பேர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிற பழக்கம் இருக்கிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விற்றவருக்கும் இது ஆபத்து: 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. ஃபைனான்ஸ் இருந்த வண்டி என்றால் 35-ஆம் ஃபார்மும், ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. 'டியூ எல்லாம் முடிஞ்சிடுச்சு' என்ற வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை, எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் ஹெச்.பி. என்கிற ஃபைனான்ஸ் பதிவு இன்னும் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். டி.என். 29 என்று தொடங்கும் தர்மபுரிப் பதிவாக இருந்தால் பேர் மாற்றத்துக்கு அலைச்சல் குறையும். லைசென்ஸ் பற்றி ஒரு நிம்மதி: 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்கு சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை 2024 நவம்பரில் அதன் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது.

இன்சூரன்ஸில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இந்த அளவு வண்டி வாடகைக்கு ஓடினால் மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 16,049 ரூபாய், சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றினால் 8,510. வரி தனி. மிச்சம் பிடிக்கச் சொந்த உபயோகம் என்று போட்டுவிட்டு பக்கத்துக் காட்டு லோடை வாடகைக்கு ஏற்றினால், அன்றைக்குப் பார்த்து அடிபட்டால், கம்பெனி அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலுக்குப் பங்காளிகள் முப்பது பேரைப் பின்னால் ஏற்றுவது இன்னும் மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்பது 2002-இலேயே ஆஷா ராணி வழக்கில் முடிந்த விஷயம். சரக்குக்கு உடையவர் கூடப் போகலாம், அவ்வளவுதான். அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, அதற்கு மேல் டன்னுக்கு 2,000.

இத்தனையும் பார்த்த பிறகு கேட்க வேண்டிய பெரிய கேள்வி, வண்டியே வேண்டுமா என்பது. ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். வண்டி நாலு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மதிப்புக் குறைவு 40,000. அந்தப் பணம் வேறெங்காவது இருந்தால் 8 வட்டிக்கு 32,000. இன்சூரன்ஸ் 20,000. எஃப்.சி.யும் வரியும் 12,000. டயர், ரிப்பேர் 30,000. மொத்தம் 1,34,000, வண்டி நின்றாலும் ஓடினாலும் போகிற காசு. பாலக்கோட்டுக்குப் போய்வர 70 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கொடுத்தால் 5 லிட்டர், 465 ரூபாய். வாடகை வண்டி 1,500 கேட்கிறது என்றால் ஒரு நடைக்கு மிச்சம் 1,035. போட்ட காசை எடுக்க ஏறக்குறைய 130 நடை வேண்டும். நீங்களே ஓட்டினால்தான் இந்தக் கணக்கு, டிரைவர் வைத்தால் இன்னும் ஏறும். ஒரு ஏக்கர் தக்காளியில் பறிப்பு இருபது இருபத்தைந்துக்கு மேல் வராது. மரவள்ளி ஆண்டுக்கு ஒரு அறுவடை. சம்பங்கி பைக்கிலேயே போய்விடும். சொந்தச் சரக்கு மட்டும் என்றால் நாற்பது ஐம்பது நடையைத் தாண்டுவது கஷ்டம். மீதியை அக்கம்பக்கத்து லோடு நிரப்ப வேண்டும். அப்படியானால் இன்சூரன்ஸும் 16,049 வகைதான்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பறிப்பு நாளில் வாடகை வண்டி கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. ஒரு நாள் தள்ளிப் போனால் பழம் கனிந்து அடிபடும், விலையும் மாறும். பனி கொட்டிய காலையில் வாசலை விட்டு வெளியே வர முடியாதவருக்கு வண்டி என்ன பெறுமோ, அந்த நாளில் நம்மவருக்கும் அது அவ்வளவு பெறும். ஆனால் அப்படிப்பட்ட நாள் ஆண்டுதோறும் வருவதில்லை. கிலோ ஐந்து ரூபாய்க்குக் கூட ஆளில்லாமல் செடியிலேயே விட்டுவிடுகிற வருடங்களில் டியூ மட்டும் தவறாமல் வரும்.

ஆக என் தீர்ப்பு இது. அப்படிப்பட்ட நாளின் மதிப்பையும் சேர்த்து அந்த 130-ஐக் கொஞ்சம் தளர்த்தினாலும், ஆண்டுக்கு நூறு நடைக்குக் கீழ் என்றால் எந்த வண்டியும் வேண்டாம்; அடுத்த காட்டுக்காரரோடு பேசி, சீசனுக்கு ஒரு வாடகை வண்டியை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்வது லாபம். நூறைத் தாண்டி, அக்கம்பக்கத்து லோடும் உறுதி என்றால் 2018 அல்லது 2019 தோஸ்த், முதல் அல்லது இரண்டாம் உரிமையாளர், தர்மபுரிப் பதிவு, கம்பெனிப் பட்டை. ஆடு ஏற்றிய வண்டியாக இருக்கக் கூடாது. வாங்கிய வாரத்திலேயே நாலு சக்கரத்துப் பிரேக்கையும் பிரித்து லைனிங், வீல் சிலிண்டர், பிரேக் ஆயில் மாற்றுவதற்கான பணத்தை விலையோடு சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும். விற்றவர் "இப்பத்தான் மாத்துனேங்க" என்று சொல்லியிருந்தாலும்.

பொலிரோவை இரண்டாவதாக வைப்பது விலைக்காக மட்டுமே. அதே வயது, அதே நிலையில் உள்ள ஒண்ணேகால் டன் பொலிரோ, தோஸ்த்தைவிட அறுபது எழுபதாயிரம் கூடுதல் என்ற அளவுக்குள் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பானெட்டுக்கு. ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால் தோஸ்த்தோடு நின்றுவிட்டு, மிச்சத்தில் நல்ல டயர் போடலாம். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் பாரத்தோடு தொப்பூர் இறங்கப் போகிறவருக்கு இந்த விலைக் கணக்கு பொருந்தாது, அவர் பொலிரோதான் வாங்க வேண்டும்.